மூன்று கோடைகளும் முன்கூட்டி எழுதிய கடிதங்களும்

தீவுக்குப் புறப்படும் முன் அப்பாவுக்கு மூன்று கடிதங்கள் எழுதி வைத்துவிடுவேன். மூன்றும் நீல நிற ஏரோகிராம்கள். ஒவ்வொன்றிலும் வரப்போகும் ஒரு வெள்ளிக்கிழமையின் தேதியைப் போடுவேன். ‘இங்கு வெயில் கடுமை. ஆபீஸில் வேலை அதிகம். ஞாயிறன்று கோயிலுக்குப் போய் வந்தேன். தாங்கள் மாத்திரையை வேளை தவறாமல் சாப்பிடவும்.’ இதையே வார்த்தைகளை மாற்றி மாற்றி எழுதி, ஓரங்களை ஒட்டி, ஆபீஸில் பக்கத்து மேசைத் தைவான்காரரிடம் கொடுத்துவிட்டுப் போவேன். வாரத்துக்கு ஒன்றாக அவர் தபாலில் சேர்ப்பார். ஏன் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. டெக்சாஸில், ஹூஸ்டன் நகரை ஒட்டிய சுகர் லேண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஒற்றை அறை அபார்ட்மென்டில் இருந்தேன். எண்ணெய்க் குழாய்களை வடிவமைக்கும் ஆபீஸ் ஒன்றில் இன்ஜினியர் வேலை. கல்யாணம் ஆகவில்லை. அப்பாவும் அம்மாவும் திருச்சியில் உறையூரில் இருந்தார்கள். அப்பா தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு நான் ஒரே மகன். மகளும் ஒருத்திதான்; என்னைவிட ஆறு வயது மூத்த என் அக்கா. ஆனால் அப்பா அவளைக் கணக்கில் வைத்துக்கொள்ளவில்லை.

அக்கா படிக்க வந்த நியூஜெர்சியில் ஒரு இத்தாலியரைக் கல்யாணம் செய்துகொண்டாள். இரண்டு பேருக்கும் ஒரே கல்லூரியில் வாத்தியார் வேலை. செய்தி வந்த அன்று அப்பா சாப்பிடவில்லை. மறுநாள் வழக்கம்போல் சாப்பிட்டார். அதற்குப் பிறகு அவள் பேச்சையே எடுக்கவில்லை. எனக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்தபோது, திருச்சி ஸ்டேஷனில் ரயில் ஏறும் நேரத்தில்தான் அந்தப் பேச்சு மறுபடி வந்தது.

“அவ செத்துட்டா. அங்க போய் அவ வாசப்படி மிதிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டு ஏறு” என்று கையை நீட்டினார்.

நான் அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு ஏறினேன். அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வருஷம் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றினேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது.

“செத்துப் போனவ பேசறேன்டா. போன்லயாவது பேசலாமா, அதுக்கும் சத்தியம் வாங்கிட்டாரா?”

ஏழு வருஷம் கழித்துக் கேட்ட குரல். சத்தியக் கதையும் என் நம்பரும் யாரோ சொந்தக்காரர் வழியாக அவளுக்குப் போயிருந்தன. அவள் சிரித்துக்கொண்டே பேசினாள். அன்று ஒரு மணி நேரம் பேசியிருப்போம். மே மாதம் வந்தபோது, கோடை விடுமுறைக்குப் புருஷனின் ஊருக்குப் போகிறோம், நீயும் வா என்றாள். சத்தியத்தை நினைவுபடுத்தினேன்.

“என் வாசப்படிதான மிதிக்கக் கூடாது? அது என் மாமியார் வாசப்படி.”

எனக்கு அந்தச் சாக்கு போதுமானதாக இருந்தது.

சிசிலிக்கு வடக்கே கடலில் சிதறிக்கிடக்கும் சின்னத் தீவுகளில் ஒன்று அது. பெரிய கப்பல் கரைக்கு வராது, நடுக்கடலில் நின்றுவிடும். ஒரு படகுக்காரர் வந்து ஆட்களையும் பெட்டிகளையும் இறக்கிக்கொண்டு போவார். தீவில் கார் கிடையாது. பெட்டியைக் கழுதைமேல் ஏற்றிவிட்டு நாம் பின்னால் படியேற வேண்டும். டெக்சாஸில் பால் வாங்கக்கூடக் கார் எடுத்துக்கொண்டிருந்த எனக்கு, முதல் மூன்று நாள் கெண்டைக்கால் வலித்தது. நான்காம் நாள் அந்த வலியே பிடித்துப்போனது.

வீடு வெள்ளையடித்த மொட்டைமாடி வீடு. மாடியில் விழும் மழைத் தண்ணீர் தரைக்கடியில் ஒரு தொட்டியில் சேரும். வாளி போட்டு இழுத்துத்தான் குளியல். அக்காவின் மாமியார் கறுப்பு உடை உடுத்திய விதவை. எனக்கும் அவருக்கும் பொதுவாக ஒரு சொல்கூடக் கிடையாது. காலையில் வெயில் ஏறுவதற்குள் பாறையிடுக்குச் செடிகளில் பச்சை மொட்டுக்களைப் பறிக்க என்னை அழைத்துப் போவார். சுண்டைக்காயைவிடச் சின்ன மொட்டுக்கள். அவற்றை உப்பில் போட்டு வைத்து மீனுக்குச் சேர்ப்பார்கள். நான் பறித்த லட்சணத்தைப் பார்த்து என் கூடையிலிருந்து பாதியை எடுத்துக் கீழே எறிவார். கன்னத்தைத் தட்டுவார். அக்கா நியூஜெர்சியிலிருந்து பெட்டியில் கொண்டுபோன புளியைக் கரைத்து ஒருநாள் மீன் குழம்பு வைத்தாள். கிழவி ஒரு கரண்டி வாயில் விட்டு, நிறுத்தி, ஏதோ சொன்னார். அத்தான் தமிழாக்கினார். அவருக்கு அக்கா கொஞ்சம் தமிழ் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

“நல்லா இருக்கு. ஆனா மீன் என்ன தப்பு பண்ணிச்சுன்னு கேக்கறா அம்மா.”

அத்தான்தான் எனக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தார். காவிரி பக்கத்திலேயே வளர்ந்தும் அப்பா என்னைப் படித்துறைக்குக் கீழே இறங்க விட்டதில்லை. இருபத்தேழு வயதில், அத்தானின் உள்ளங்கை வயிற்றைத் தாங்க, கண்ணாடி மாதிரித் தண்ணீரில் கைகால்களை அடித்தேன். கரையில் அக்கா பாவாடையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்று, “மூச்ச விடுடா, மூச்ச விடு” என்று கத்துவாள். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மரக்கதவுகளைச் சாத்தி வீட்டை இருட்டாக்கிவிட்டுத் தூங்குவோம். எழுந்தால் அத்திப்பழம் இருக்கும். பிறகு தமிழில் சண்டை போடுவோம். எட்டு வயதில் யார் யாருடைய பென்சிலை உடைத்தது என்பதற்கெல்லாம் போட்டோம். வருஷம் முழுக்க ஆபீஸ் இங்கிலீஷ் பேசிய வாய்க்கு அது எவ்வளவு தேவைப்பட்டது என்பது பேசும்போதுதான் தெரிந்தது.

அப்பாவைப் பற்றி மட்டும் அவள் நேராகக் கேட்கமாட்டாள். மாடிப்படிக்குச் சுண்ணாம்பு அடித்தார்களா, கிணற்றுக் கயிறு மாற்றியாயிற்றா என்று வீட்டைப் பற்றிக் கேட்பாள். நான் சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

வீட்டில் போன் கிடையாது. கீழே படகுத்துறையில் இருந்த காபிக் கடையில்தான் தீவின் ஒரே போன். நான் எங்கே இருக்கிறேன் என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. அதுவும் அந்தச் சந்தோஷத்தில் ஒரு பங்குதான் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். ஆபீஸில் விடுமுறை என்று மட்டும் சொல்லியிருந்தேன். அடிக்கடி சாப்பாட்டுக்குக் கூப்பிடும் சுகர் லேண்ட் அங்கிள் ஆன்ட்டியிடம், நண்பர்களுடன் மலைப்பக்கம் கேம்பிங் போகிறேன் என்றேன். எந்த மலை என்று அவர்கள் கேட்கவில்லை.

இப்படி மூன்று கோடைகள் போனேன். மூன்றாவது தடவை, தீவில் இறங்கிய இரண்டாம் நாள் காலை, கரைக்கு எதிரே கடலில் நின்ற கறுப்புப் பாறை வரைக்கும் யார் துணையும் இல்லாமல் நீந்திப் போனேன். அதற்குமுன் இரண்டு வருஷமும் பாதி வழியில் பயந்து திரும்பியிருந்தேன். பாறைமேல் ஏறி நின்று கையை உயர்த்தியபோது அக்கா கரையில் குதித்துக் கைதட்டினாள். அத்தான் விசில் அடித்தார். வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாட்கள் அதிகம் இல்லை. அன்று செவ்வாய்க்கிழமை.

மூன்று வாரம் முடிந்து ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஹூஸ்டனுக்குத் திரும்பினேன். அபார்ட்மென்ட் கதவைத் திறந்ததும் தரையில் இரண்டு தந்திகள் கிடந்தன. சமையல் மேடையில் அங்கிளின் கையெழுத்தில் ஒரு சீட்டு. ‘பார்த்ததும் உடனே கூப்பிடு.’ பூட்டிய வீட்டுக்குள் அது எப்படி வந்தது என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. பிறகுதான் தந்திகளைப் பிரித்தேன். முதல் தந்தியில் அப்பா கவலைக்கிடம், உடனே புறப்படு என்றிருந்தது. அடுத்தது மறுநாள் தந்தி. அதைப் படித்துவிட்டு, பையைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றிருந்தேன். அப்பா இறந்து பதினெட்டு நாள் ஆகியிருந்தது.

அங்கிளைக் கூப்பிட்டேன்.

“எங்கப்பா போயிட்ட நீ? உன் சித்தப்பா டெய்லி கால் பண்ணாரு. ஆபீஸ்ல கேட்டா வெகேஷன்ங்கறான், எங்கன்னு ஒருத்தனுக்கும் தெரியல. கேம்பிங்னு சொன்னியே, ஏதாவது ஆக்சிடென்ட்டோன்னு போலீஸ்ல ரிப்போர்ட் பண்ணோம். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா கால் பண்ணினா ஆன்ட்டி. அபார்ட்மென்ட் மேனேஜர கூட்டிட்டு வந்து உன் கதவ தொறந்தேன் பாரு, உள்ள எந்தக் கோலத்துல கிடக்கறியோன்னு...”

“சாரி அங்கிள்.”

“எங்க இருந்த?”

“ஒரு ட்ரிப்... ஃப்ரெண்ட்ஸோட.”

“மூணு வாரமா?” என்றார். அதற்குமேல் கேட்கவில்லை. “முதல்ல அம்மாகிட்ட பேசு” என்று வைத்துவிட்டார்.

எட்டு மணிக்கு இன்னும் வெளிச்சம் இருந்தது. திருச்சியில் விடிந்திருக்கும். ஆபரேட்டர், அம்மா அப்போது தங்கியிருந்த சித்தப்பா வீட்டு நம்பரைப் பிடித்துக் கொடுத்தார். சித்தப்பா எடுத்தார். நான்தான் என்றதும் ஒன்றும் சொல்லாமல் போனை அம்மாவிடம் நீட்டிவிட்டார் என்று நினைக்கிறேன்.

“அம்மா.”

“ம்.”

“இப்பத்தான்மா எனக்குத் தெரியும். சத்தியமா இப்பத்தான்.”

அம்மா அழவில்லை. “ஒரு வாரம் நீயும் போயிட்டேன்னுதான் இருந்தேன்” என்றாள். “காடு மலைன்னு போயிருக்கான், ஆளக் காணோம்னாங்க. ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் அழுதேன். அப்புறம் உன் லெட்டர் வந்துச்சு.”

தைவான்காரர் சொன்ன சொல் தவறாமல், அப்பா இறந்து மூன்று நாள் கழித்து வெள்ளிக்கிழமை முதல் கடிதத்தைத் தபாலில் சேர்த்திருக்கிறார். கருமாதிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, சொந்தக்காரர்கள் வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்த நேரத்தில் அது போய்ச் சேர்ந்திருக்கிறது. சித்தப்பா பிரித்து உரக்கப் படித்திருக்கிறார். ஆபீஸில் வேலை அதிகம், கோயிலுக்குப் போய் வந்தேன், மாத்திரை சாப்பிடவும்.

“பிழைச்சுத்தான் இருக்கான், வர இஷ்டம் இல்லன்னு சித்தப்பா சொன்னாரு” என்றாள் அம்மா. “நான் ஒண்ணும் சொல்லல. நீ உயிரோட இருந்தா சரின்னு இருந்துட்டேன்.”

மறுநாள் காலையில் தீவின் காபிக் கடைக்குப் போன் போட்டேன். அங்கே மதியம் சாய்ந்திருக்கும். அக்காவும் அத்தானும் கோடை முழுக்க அங்கேதான் இருப்பார்கள். எனக்குத் தெரிந்த நாலு இத்தாலியச் சொற்களை வைத்து அக்காவைக் கேட்டேன். கடைக்காரர் அரைமணி கழித்துக் கூப்பிடச் சொன்னார். கூப்பிட்டபோது அவள் மூச்சு வாங்கினாள். அத்தனை படிகளும் ஓடி இறங்கியிருக்கிறாள்.

“என்னடா? நல்லபடியா போய்ச் சேந்தியா? எதையாவது விட்டுட்டுப் போயிட்டியா?”

சொன்னேன். பின்னால் கடையில் தட்டுகள் மோதும் சத்தமும் யாரோ சிரிப்பதும் கேட்டது.

“என்னிக்கு?”

“நான் வந்து ரெண்டாம் நாள்.”

“வலி இருந்துச்சா?”

“ஞாயித்துக்கிழமை நெஞ்சுவலின்னு ஆஸ்பத்திரில சேத்திருக்காங்க. செவ்வாக்கிழமை போயிட்டாரு.”

“நெனவு இருந்துச்சா?”

“இருந்துச்சாம்.”

அவள் அடுத்து என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரிந்தது.

“என்னக் கேட்டாராடா?”

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். கேட்டார் என்றுகூடச் சொல்லியிருக்கலாம், யாருக்கும் நஷ்டமில்லை. இரண்டு நாளும் தம்பி போன் வந்ததா, தம்பி போன் வந்ததா என்றுதான் அப்பா கேட்டுக்கொண்டிருந்தார் என்று அம்மா சொல்லியிருந்தாள். இரவு முழுக்க அந்த வாக்கியம் என் நெஞ்சில் கிடந்து அறுத்திருந்தது. அதைத் தனியாகச் சுமக்க என்னால் முடியவில்லை.

“உன்னக் கேக்கல. என்னத்தான் கேட்டாரு. நான் உங்கூட இருந்தேன்” என்றேன்.

உங்கூட என்ற சொல்லை நான் சொன்ன விதம் எனக்கு இன்றும் காதில் கேட்கிறது. அவள் “சரி” என்றாள். போன் வைக்கப்பட்டது.

திங்கட்கிழமை கிளம்பி வியாழக்கிழமை திருச்சி சேர்ந்தேன். யாரும் என்னைத் திட்டவில்லை. காபி கொடுத்தார்கள். வெயிலில் நன்றாகக் கறுத்துப் போயிருந்தேன். மூக்கில் தோல் உரிந்துகொண்டிருந்தது. வந்தவர்கள் அந்த மூக்கைப் பார்த்தார்கள். சித்தப்பாவின் மகன்தான் எனக்குப் பதில் கொள்ளி வைத்திருக்கிறான். இரண்டு நாள் ஐஸ் வைத்துப் பார்த்துவிட்டு, இனிமேல் தாங்காது என்று எடுத்திருக்கிறார்கள். அவன் தலையில் அப்போதுதான் முடி குத்துக்குத்தாக முளைத்திருந்தது. என் அப்பாவுக்காக மழித்த தலை. என்னைப் பார்த்ததும் அவன்தான் சங்கடப்பட்டு, ஏதோ என் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டவன் மாதிரி, துண்டால் தலையை மூடிக்கொண்டான்.

இரண்டாவது கடிதம் எனக்கு முன்பே வந்து, பிரிக்கப்படாமல் அலமாரியில் இருந்தது. மூன்றாவது, நான் போய் ஒரு வாரம் கழித்து வந்தது. தபால்காரர் அதை என் கையிலேயே கொடுத்தார். அப்பாவின் பெயருக்கு முன்னால் ‘உயர்திரு’ போட்டிருந்தேன். வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அம்மா தனியாக இருக்கும் நேரம் பார்த்துச் சொன்னேன். அடுப்படியில் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“அக்காகூட இருந்தேன்மா. அவ மாமியார் ஊர்ல. ஒரு தீவு.”

அம்மா நறுக்குவதை நிறுத்தவில்லை. “சித்தப்பாகிட்ட சொல்லாத” என்றாள். கொஞ்சம் கழித்து, “நல்லா இருக்காளா?”

“நல்லா இருக்காம்மா.”

“உடம்பு?”

“கொஞ்சம் சதை போட்டிருக்கா.”

அம்மா வாழைக்காயைத் தண்ணீரில் போட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“செவ்வாக்கிழமை மதியம் ஒண்ணரை மணி. அப்ப அங்க என்ன நேரம்?”

“காலைல பத்து.”

“என்ன பண்ணிட்டிருந்தீங்க ரெண்டு பேரும்?”

அது குத்திக்காட்டும் கேள்வி அல்ல. அவளுக்கு உண்மையாகவே தெரிய வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் தன் குடும்பத்தில் ஒவ்வொருவரும் எங்கே இருந்தார்கள், என்ன செய்தார்கள் என்று மனதில் அடுக்கிப் பார்க்க ஆசைப்பட்டாள். விமானத்தில் வரும்போதே நான் நேரத்தைக் கணக்குப் போட்டுவிட்டேன். பாறைமேல் ஏறி நின்று கையை உயர்த்திய நேரம். அக்கா கைதட்டிய நேரம்.

“ஞாபகம் இல்லம்மா” என்றேன்.

அதற்குப் பிறகு அக்கா தீவுக்குக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் போயிருக்கமாட்டேன். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போன் செய்வோம். அவள் சிரித்துத்தான் பேசுவாள். ஆனால் மாடிப்படியைப் பற்றியோ கிணற்றைப் பற்றியோ கேட்பதை விட்டுவிட்டாள். அவள் திருச்சிக்குப் போகவும் இல்லை. அவர் இருந்தவரைக்கும் விடவில்லை, இனி போய் யாரைப் பார்க்க என்று ஒரு தடவை சொன்னாள். அம்மா இருந்தாள். அதை அவளுக்கு நினைவுபடுத்தும் தகுதி எனக்கு இல்லை என்று சும்மா இருந்துவிட்டேன்.

மூன்று வருஷம் கழித்து அம்மாவை டெக்சாஸுக்கு அழைத்து வந்தேன். அப்போது எனக்குக் கல்யாணம் ஆகி, சுகர் லேண்டில் வீடு வாங்கியிருந்தேன். நியூஜெர்சிக்கு வரமாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டாள். “அவர் போனதும் அவ வீட்டுக்குப் போயிட்டேன்னு இருக்கக் கூடாது” என்றாள். ஆகவே அக்கா தனியாக மூன்று நாளுக்கு வந்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்ததும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்வார்கள் என்று என் மனைவி எதிர்பார்த்திருந்தாள். அப்படி நடக்கவில்லை. அம்மா அக்காவின் கையைப் பிடித்து, முழங்கை வரை தடவிப் பார்த்தாள். பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. மூன்று நாளும் சமையலைப் பற்றியும் ரத்த அழுத்தத்தைப் பற்றியுமே பேசினார்கள். அப்பாவைப் பற்றி ஒரு பேச்சும் வரவில்லை.

ஊருக்குத் திரும்பும் நாள் காலை அக்காவை ஏர்போர்ட்டுக்கு நான்தான் டிரைவ் செய்தேன். ஃப்ரீவேயில் கார்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. மூன்று வருஷமாகச் சொல்ல நினைத்ததை அங்கே சொன்னேன்.

“அன்னிக்கு போன்ல நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுக்கா. மன்னிச்சுடு.”

அவள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீ சொன்னது பொய்யா?”

“இல்ல.”

“அப்ப எதுக்கு மன்னிப்பு?” என்றாள். கோபம் இல்லை. “பொய்யா இருந்தா மன்னிச்சிருப்பேன். சந்தோஷமாக்கூட இருந்திருக்கும்.”

முன்னால் நின்ற லாரி நகர்ந்தது. நானும் வண்டியை நகர்த்தினேன். கொஞ்ச தூரம் போன பிறகு, மாமியார் போன குளிர்காலத்தில் இறந்துவிட்டதாகவும், வீட்டைப் பூட்டிச் சாவியைப் படகுக்காரரிடம் கொடுத்துவிட்டதாகவும் சொன்னாள். “இப்ப நாங்களும் போறதில்ல. அவருக்கு மட்டும் கொஞ்சம் ஏக்கம்.”

ஏர்போர்ட் வாசலில் இறங்கிப் பெட்டியை எடுத்துக்கொண்டாள். அம்மாவுக்கு உப்பைக் குறைக்கச் சொல் என்றாள். பின்னால் ஒருவர் ஹாரன் அடித்தார். நான் வண்டியை எடுத்தேன்.